நாய்க்கு நாம் பட்ட கடன்

நன்றியுள்ள பிராணி என்று நாயைப் புகழாத நாவே நம் நாட்டில் இல்லை. பள்ளிப் பிள்ளைகள் எழுதும் வியாசம் முதல் பத்திரிகையின் மூலையில் அவ்வப்போது அச்சாகும் துணுக்குச் செய்தி வரையில், யஜமானன் இறந்த பின்பு உண்ணாமல் கிடந்த நாய், திருடனைத் துரத்தி வீட்டைக் காத்த நாய், வெள்ளத்தில் குழந்தையை இழுத்து வந்த நாய் என்று அதன் விசுவாசத்துக்கு ஸ்தோத்திரம் பாடி நாம் ஓய்வதே இல்லை. நாலடியார் இன்னும் ஒரு படி மேலே சென்று, நெடுநாள் பழகிய பாகனையே கொன்றுவிடும் யானையைப் போன்றவர்களின் நட்பைக் காட்டிலும், வேல் எறிந்தவன் தன் யஜமானனாயின் அந்த வேல் உடம்பில் தைத்திருக்கும்போதே அவனுக்கு வாலைக் குழைக்கிற நாயைப் போன்றவர்களின் நட்பே கொள்ளத்தக்கது என்று போதிக்கிறது. உபதேசம் நல்ல உபதேசந்தான். ஆனால் அந்தச் செய்யுள் நினைவுக்கு வரும்போதெல்லாம், வாலைக் குழைத்த நாயை இத்தனை தலைமுறையாக வியந்து வந்திருக்கிறோமே, வேல் எறிந்தவனை நிறுத்தி ஒரு கேள்வி கேட்க நமக்கு ஏன் தோன்றவில்லை என்ற சந்தேகம் என் மனத்தில் எழாமல் இருப்பதில்லை.

புகழ்ச்சிக்குச் செலவில்லை. ஒரு ஜீவனின் விசுவாசத்தை எவ்வளவுக்கு மிகுதியாகப் போற்றுகிறோமோ அவ்வளவுக்கு, அதற்குப் பிரதியாக நாம் செய்ய வேண்டியது என்ன என்ற விசாரத்தைத் தள்ளிப் போடுவது சுலபமாகிவிடுகிறது. அடித்தாலும் வரும், பட்டினி போட்டாலும் வரும், பகல் முழுதும் கட்டிப்போட்டாலும் மாலையில் நம்மைக் கண்டால் துள்ளும் என்று தெரிந்துவிட்ட பிறகு, அடிக்காமலும் பட்டினி போடாமலும் கட்டிப்போடாமலும் இருக்க வேண்டிய அவசியந்தான் என்ன? ஆகவே, மனிதனும் நாயும் ஒரே கூரையின் கீழ் நித்தியம் கூடி வாழும் சகவாசத்தைப் பற்றிப் பேசப் புகுந்தால், நாயின் நன்றியைப் பற்றிய பேச்சைச் சில காலம் நிறுத்தி வைத்துவிட்டு, மனிதன் பட்டிருக்கும் கடனைப் பற்றிப் பேசுவதே நியாயம் என்பது என் அபிப்பிராயம்.

கடன் மிகப் பழைய கடன். மனிதன் ஏர் பிடிக்கக் கற்பதற்கும், ஆட்டையும் மாட்டையும் பட்டியில் அடைப்பதற்கும் முன்பே அவன் மூட்டிய நெருப்பின் ஓரத்தில் வந்து படுத்த பிராணி நாய். ஜெர்மனியில் பான் நகரைச் சேர்ந்த ஓபர்காசல் என்னும் இடத்தில் 1914-ஆம் ஆண்டு ஒரு பழைய புதைகுழி வெளிப்பட்டது. சுமார் 14,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்தக் குழியில் ஓர் ஆணின் எலும்பும் ஒரு பெண்ணின் எலும்பும், அவற்றோடு ஒரு நாய்க்குட்டியின் எலும்பும் கிடைத்தன. அதன் பற்களில் படிந்திருந்த குறைகளை அண்மைக் காலத்தில் ஆராய்ந்தவர்கள், இறக்கும்போது அதற்கு ஏறக்குறைய ஏழு மாத வயது என்றும், அதற்கு முன் டிஸ்டெம்பர் என்ற கொடிய நோயால் அது பல வாரங்கள் துன்புற்றிருக்க வேண்டும் என்றும் அனுமானிக்கிறார்கள். அந்நோய் கண்ட குட்டி எழுந்து நிற்கவும் திராணியற்றுப் போகும். வேட்டைக்கு உதவாது, காவலுக்கும் உதவாது. யாரோ ஒருவர் அதற்குத் தண்ணீர் புகட்டி, அதன் அசுத்தத்தைத் துடைத்து, குளிர் படாமல் ஒதுக்கி வைத்துக் காத்திராவிட்டால் அத்தனை வாரம் அது உயிர் தரித்திருக்க வழியே இல்லை. மனிதனும் நாயும் சேர்ந்து வாழ்ந்ததற்கு நம் கைக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்றாகிய இதில், சேவை செய்தவன் மனிதன், பெற்றுக்கொண்டது நாய் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அதன் பிறகு நாய் நமக்காகத் தன் உடம்பையே மாற்றிக்கொண்டது. அரிசி, கோதுமை முதலியவற்றில் உள்ள மாச்சத்தைச் செரிக்கச் செய்யும் அமைலேஸ் என்னும் பொருளை உண்டாக்கும் மரபணு, ஓநாயின் உடலில் இரண்டு பிரதிகளாக மட்டுமே இருக்க, நாயின் உடலிலோ அதற்குப் பல மடங்காகப் பெருகியிருக்கிறது என்று 2013-ல் ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானிகள் கண்டறிந்து வெளியிட்டார்கள். வேட்டையாடி மாமிசம் தின்று திரிந்த ஒரு மிருகத்தின் வழித்தோன்றல், உழுது பயிரிடத் தொடங்கிய மனிதனோடு தங்கி, அவன் உண்டு மிஞ்சியதைத் தின்று பிழைக்கும் வகையில் தலைமுறை தலைமுறையாகத் தன்னைத் திருத்திக்கொண்டிருக்கிறது. நம் வீட்டுக் கொல்லையில் தட்டில் வைத்த தயிர்சாதத்தை ஒரு நாய் நக்கித் தீர்ப்பதைப் பார்க்கும்போது, இதை நாம் போட்ட பிச்சை என்று கருதுவது எத்தனை அறியாமை!

நம் முன்னோர் இவ்விஷயத்தில் நம்மைக் காட்டிலும் கணக்குத் தெரிந்தவர்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கம் வட்டாரத்து நடுகற்களுள், எடுத்தனூரில் உள்ள ஒரு கல் மகேந்திரவர்ம பல்லவனுடைய 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கும் சண்டையில் உயிர்விட்ட கருந்தேவகத்தி என்ற வீரனுக்காக நாட்டிய அக்கல்லில், அவன் உருவத்துக்குப் பின்னால் ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்பது அதன் பெயர் என்பதும், அது இரு கள்வரைக் கடித்துக் காவலாக நின்றது என்பதும் எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஏழாம் நூற்றாண்டில் ஒரு சிற்றூரில் வாழ்ந்த மனிதர்களில் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்? அந்த நாயின் பெயர் தெரிகிறது.

இன்னொரு கல்லின் சரித்திரம் இதைவிட வியப்பானது. 949-ஆம் ஆண்டு தக்கோலத்தில் சோழர்களுக்கும் ராஷ்டிரகூடர்களுக்கும் நடந்த யுத்தத்தில், சோழ இளவரசன் ராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே மாண்டான் என்பது சரித்திரம் படித்தவர் எல்லோரும் அறிந்ததே. அப்போரில் ராஷ்டிரகூடர் பக்கம் நின்ற கங்க அரசன் பூதுகனுடைய பரிவாரத்தில் மணலேரன் என்று ஒரு வீரன் இருந்தான். அவனுடைய பராக்கிரமத்தைக் கண்டு சந்தோஷித்த அரசன், வேண்டிய வரத்தைக் கேள் என்றான். கிராமத்தைக் கேட்டிருக்கலாம், பொன்னையோ பட்டத்தையோ கேட்டிருக்கலாம். மணலேரன் கேட்டது காளி என்ற பெயருடைய வேட்டை நாயை. கேட்டதைப் பெற்றுக்கொண்டு ஊர் திரும்பினான். பின்னர் அந்த நாய் ஒரு பெரிய காட்டுப் பன்றியோடு பொருது, இரண்டும் மடிந்தன. கர்நாடகத்து மாண்டியா மாவட்டத்தில் உள்ள ஆதகூரில், நாயின் நினைவாக ஒரு கல்லை நிறுத்தி, நாயும் பன்றியும் பொருவதை அதன்மேல் செதுக்கி, அக்கல்லின் பூஜைக்கென்று நிலமும் மானியமாக விட்டார்கள். கல்லுக்குப் பூஜை செய்யாமல் உண்ணும் அர்ச்சகனை நாயின் பாவம் சேரும் என்ற எச்சரிக்கையும் சாசனத்தில் உண்டு. சோழநாட்டுச் சேனை சிதறிய கதையைச் சரித்திர ஆசிரியர்கள் அறிந்துகொள்ளும் ஆதாரங்களுள் ஒன்று, ஒரு நாய்க்காக எடுத்த கல் என்பது எண்ணி ரசிக்கத்தக்க விஷயம். தனக்குப் பிரியமான ஜீவனுக்குத் தான் பட்டிருக்கும் கடன் என்ன என்பதை அந்தப் போர்வீரன் அறிந்திருந்தான்.

ஆனால் அன்றாட சகவாசம் இத்தகைய வீரக் கதைகளில் இல்லை. கல்லில் பொறிக்கத்தக்க சம்பவம் ஏதும் நிகழாத நாட்களால் ஆனது அது. விடிவதற்குச் சற்று முன் கூடத்துத் தரையில் நகங்கள் உரசும் ஓசை. பால் அடுப்பில் ஏறியதும் சமையலறை நிலைப்படியைத் தாண்டாமல், அதே சமயத்தில் ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்காமல், அங்கே வந்து நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கு. செருப்பை எடுக்கும் சத்தத்தைக் கொண்டே இவர் காரியாலயத்துக்குப் போகிறாரா அல்லது நம்மை அழைத்துக்கொண்டு வெளியே போகப் போகிறாரா என்று நிச்சயித்து, முன்னதானால் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிடும் வைராக்கியம். வீட்டில் குரல்கள் உயர்ந்தால் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டு, சமாதானம் ஏற்பட்ட பின்பே வெளியே வரும் விவேகம். காய்ச்சல் கண்ட குழந்தையின் பாயோரத்தை விட்டு அகலாத பிடிவாதம். மனிதன் விரலை நீட்டிச் சுட்டினால் விரலைப் பாராமல் சுட்டப்பட்ட திசையைப் பார்க்கும் சாமர்த்தியம் நாய்க்கு உண்டு. நமக்கு மிக நெருங்கிய உறவான சிம்பன்ஸிக் குரங்கே இதில் தடுமாறுகிறது என்று பரீட்சித்தவர்கள் சொல்கிறார்கள். நாயும் அதன் யஜமானனும் ஒருவர் கண்ணை ஒருவர் சிறிது நேரம் நோக்கியிருந்தால், தாய்க்கும் சேய்க்கும் இடையே பாசத்தை வளர்க்கும் ஆக்ஸிடோசின் என்ற சுரப்பு இருவர் உடலிலும் மிகுகிறது என்று 2015-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் காட்டினார்கள். மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடத்தில் இது நிகழவில்லை என்பதுதான் அந்த ஆராய்ச்சியில் என் கவனத்தைக் கவர்ந்த பகுதி. ஆயிரமாயிரம் வருஷங்களாக நம் முகத்தையே படித்துப் படித்துத் தேர்ந்த பிராணி இது. பதிலுக்கு நாம் அதன் முகத்தை எவ்வளவு நேரம் பார்க்கிறோம்?

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் இருக்கிறார். பணியிலிருந்த காலமெல்லாம் நாய்களால் பகைவராகப் பாவிக்கப்பட்டவர். இப்போது ஒரு நாட்டு நாயை, அதுவும் மழையில் சாக்கடையோரம் கிடந்தபோது எடுத்து வந்த நாயை, வளர்க்கிறார். காலையில் வெயில் ஏறுமுன் ஒரு முறையும், மாலையில் விளக்கு வைத்த பின் ஒரு முறையும் இருவரும் வெளியே புறப்படுவார்கள். மற்றவர்கள் நாயை இழுத்துக்கொண்டு நடப்பது வழக்கம். அது எங்கேனும் நின்று முகர்ந்தால் கயிற்றைச் சுண்டி, 'வா வா' என்று அதட்டி, கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இவரோ நாய் நின்றால் நிற்கிறார். மின்கம்பத்தின் அடி, குப்பைத் தொட்டியின் விளிம்பு, யாரோ ஒருவர் வீட்டுக் கோலத்தின் ஓரம் என்று அது ஒவ்வோர் இடத்தையும் நிதானமாக விசாரித்துத் தீர்க்கும் வரையில் பேசாமல் காத்திருக்கிறார். நேரமாகிறதே என்று ஒரு நாள் நான் சொன்னேன். "அது மோந்து முடிக்கட்டும் சார், எனக்கு இப்ப என்ன டெலிவரியா இருக்கு?" என்றார். நாயின் மூக்கு நம் மூக்கைப் பல மடங்கு விஞ்சியது. இரவில் அத்தெருவில் யார் நடந்தார்கள், எந்த நாய் புதிதாக வந்தது, எது நோயுற்றிருக்கிறது என்ற விவரமெல்லாம் அதற்கு வாசனையாகவே தெரிகிறது. முகர விடாமல் வேகமாக நடத்திச் சென்று திரும்புவது அதன் கால்களுக்கு மட்டுமே தேகப்பயிற்சி. இதை எந்தப் புத்தகத்தையும் படிக்காமல் அந்தத் தபால்காரர் அறிந்திருக்கிறார்; இட்லி விற்கும் அம்மாளும் இரவுக் காவல்காரரும் பால் பூத்துக்காரரும் அவருக்குச் சிநேகிதர்களாகியிருப்பது அந்த நிற்றலின் உபரி லாபம்.

நாயின் அன்புக்கு விலை நேரமே. வேறு எதுவும் அன்று. ஆனால் நம்மில் பெரும்பாலோர் நேரத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கொடுக்கச் சித்தமாயிருக்கிறோம். வாசற்கதவில் 'நாய் ஜாக்கிரதை' என்று ஒரு பலகை. உள்ளே கார் நிறுத்தும் கொட்டகையின் தூணில் நான்கு முழச் சங்கிலி. சங்கிலியின் முனையில், பிறந்த நாள் முதல் அந்த வட்டத்துக்கு அப்பால் உலகத்தைக் கண்டறியாத ஒரு ஜீவன். கேட்டால், வேளை தவறாமல் சோறு வைக்கிறோம், ஞாயிற்றுக்கிழமை கறியும் உண்டு என்பார்கள். அவர்கள் சொல்வது மெய்தான், கொடுமைக்காரர்கள் அல்லர். ஆயினும் கட்டிய நாய் காவலுக்கும் உதவாது. எதைக் கண்டாலும் குரைக்கும் நாயின் குரைப்பிலிருந்து திருடன் வந்தானா, காற்றில் காகிதம் பறந்ததா என்று எவரும் கண்டுகொள்ள முடியாது. நாள் முழுதும் தனிமையிலும் ஏக்கத்திலும் கிடந்து வெறி ஏறிய நாய், தப்பித் தவறிச் சங்கிலி அறுந்த அன்று எதிர்ப்பட்டவரைக் கடிக்கிறது. அப்போது குற்றம் நாயின் சுபாவத்தின் மேல் சுமத்தப்படுகிறது.

சட்டம் இதை அறியாமல் இல்லை. 1952-ல் ராஜ்ய சபைக்கு நியமனம் பெற்ற ருக்மிணி தேவி அருண்டேல், பிராணிகளை வதைப்பதைத் தடுக்கத் தனி உறுப்பினர் மசோதா ஒன்றைக் கொண்டு வந்தார். அரசாங்கமே விரிவான சட்டம் இயற்றும் என்று நேரு உறுதி கூறியதன் பேரில் அதைத் திரும்பப் பெற்றார். அதன் விளைவாகவே 1960-ஆம் வருஷத்துச் சட்டம் பிறந்தது. 1962-ல் ஏற்பட்ட பிராணிகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவராகவும் ஆனார். பரதநாட்டியத்துக்காக அவரைக் கொண்டாடும் நாம் இந்தக் கீர்த்தியை மறந்திருப்பது வருந்தத்தக்கது. அச்சட்டத்தின் 11-ஆம் பிரிவு, நியாயமற்ற அளவு குட்டையான சங்கிலியில் நியாயமற்ற நேரம் பிராணியைக் கட்டி வைப்பது குற்றம் என்பதோடு நிற்கவில்லை. வழக்கமாகக் கட்டி வைக்கப்படும் அல்லது அடைத்து வைக்கப்படும் நாய்க்குத் தக்க உடற்பயிற்சி கொடுக்கத் தவறுவதையும் குற்றம் என்றே விதிக்கிறது. அதாவது, நாயை வெளியே உலாவ அழைத்துச் செல்வது யஜமானனின் தயவு அன்று. பாராளுமன்றம் விதித்த கடமை. நம் தெருக்களில் பல வாசற்கதவுகளுக்குப் பின்னால் இந்தக் குற்றம் நாள்தோறும் நடக்கிறது. முதல் முறை இக்குற்றம் செய்தவனுக்கு அபராதம் குறைந்தது 10 ரூபாய், மிகுந்தால் 50 ரூபாய். 1960-ல் அது ஒரு தொகையாக இருந்திருக்கும். இன்று அதைக் கட்டுவதற்கு நீதிமன்றம் வரை செல்லும் ஆட்டோச் சத்தம் அதைவிட அதிகம். இந்தத் தொகையை உயர்த்த வேண்டும் என்று கேட்பதற்கு ஒரு பெரிய இயக்கம் தேவையில்லை. வெட்கம் இருந்தால் போதும்.

இனி, நாய் வாங்குவோரின் மோகத்தைப் பற்றிச் சிறிது. பனிப் பிரதேசத்தில் சறுக்கு வண்டி இழுக்கப் பிறந்த சைபீரியன் ஹஸ்கியைச் சித்திரை வெயிலில் சென்னையிலும் மதுரையிலும் வளர்க்கிறார்கள். நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. பாதங்களில் சற்றே வியர்க்கும், மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இரைத்தே உஷ்ணத்தைத் தணித்துக்கொள்ள வேண்டும். அடர்ந்த இரட்டை ரோமம் போர்த்திய பிராணியை இங்கே கொண்டு வந்து, குளிர்சாதன அறையில் பூட்டி வைத்து, அதற்குப் பெயர் பிரியம் என்றால் பிரியம் என்ற சொல்லுக்கு அர்த்தம் ஏதும் மிஞ்சாது. இதைக் கண்டு சலித்தவர்கள் சுதேசி அபிமானத்தால் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் கன்னியையும் கோம்பையையும் தேடுகிறார்கள். 2005-ல் தபால் இலாகா ராஜபாளையத்துக்குத் தபால்தலை வெளியிட்டுக் கௌரவித்தது. அந்த அபிமானம் எனக்கும் உண்டு. ஆனால் முயலைத் துரத்திக் கரிசல் காட்டில் ஓடப் பிறந்த சிப்பிப்பாறையை மூன்றாவது மாடியில் இரண்டு அறைக்குள் அடைத்து வைப்பவர், ஹஸ்கிக்காரரைப் பார்த்துச் சிரிக்க உரிமையற்றவர். எந்த ஊர் நாய் என்பதைக் காட்டிலும், என் நாளில் எத்தனை மணி நேரம் அதற்குரியது என்பதே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

அக்கேள்வியைக் கேட்டுக்கொள்ளாதவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதும் நமக்குத் தெரியும். மாற்றல் உத்தரவு வந்தது, வீட்டுக்காரர் ஆட்சேபித்தார், குழந்தை பிறந்தது, நாய்க்கு வயதாகிக் கண் மங்கிவிட்டது என்று ஏதோ ஒரு காரணத்தால், ஒருநாள் இரவு காரில் ஏற்றிச் சென்று வேற்றூர்த் தெருவில் இறக்கிவிட்டு வந்துவிடுகிறார்கள். இதுவும் மேற்சொன்ன பிரிவின்படி குற்றமே. அபராதமும் அதே தொகைதான். வீட்டில் வளர்ந்த நாய்க்குத் தெரு நாய்களின் எல்லைச் சட்டம் தெரியாது. மற்றவை அதை விரட்டிக் கடிக்கும். ஒவ்வொரு காரின் பின்னாலும் ஓடி ஓடி, பிறகு ஓடாமல் நின்றுவிடும். தெரு நாய்களை எங்கே வைப்பது என்பது பற்றி 2025-ல் உச்ச நீதிமன்றம் அடுத்தடுத்து உத்தரவுகள் பிறப்பித்ததையும், தேசமே இரு கட்சியாகப் பிரிந்து வாதாடியதையும் கண்டோம். அந்த வாதத்துக்குள் இப்போது நான் புகவில்லை. தெருவில் நிற்கும் நாய்களில் சில, சென்ற வருஷம் யாரோ ஒருவர் வீட்டு மெத்தையில் படுத்திருந்தவை என்பதை மட்டும் இரு கட்சியாருக்கும் நினைவூட்ட விரும்புகிறேன்.

இதற்கு நேர் எதிரான காட்சியைக் காண விரும்புவோர் காலையில் வேப்பேரிக்குச் செல்ல வேண்டும். 1903-ல் சைதாப்பேட்டையில் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி இப்போது இருக்கும் இடம் அது. அங்கே ஆஸ்பத்திரியின் முன் காத்திருக்கும் வரிசையில், காரிலிருந்து இறங்கிய லாப்ரடாருக்குப் பக்கத்தில், ஷேர் ஆட்டோவில் துண்டால் சுற்றிக் கொண்டு வந்த நாட்டு நாய் படுத்திருக்கும். ஒருநாள் கூலியை இழந்து வந்திருப்பவரும் உண்டு. எத்தனையாவது நம்பர் என்று ஒருவரை ஒருவர் விசாரிப்பார்கள். உங்கள் பிள்ளைக்கு என்ன என்று கேட்பார்கள். வாந்தி, பேதி, புண், கட்டி என்ற பேச்சில் வர்க்க வித்தியாசம் சிறிது நேரம் மறைந்துவிடும். நாய் நன்றியுள்ள பிராணி என்ற வாக்கியம் அங்கே யார் வாயிலிருந்தும் வந்து நான் கேட்டதில்லை.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நாய் வளர்ப்பது பற்றிய சண்டையையும் சொல்லாமல் முடியாது. மகாபாரதத்தின் இறுதிப் பகுதியில், தம்பியரும் திரௌபதியும் வழியில் வீழ்ந்தபின் தன்னோடு தொடர்ந்து வந்த நாயையும் அழைத்துக்கொண்டே சுவர்க்கம் ஏறுவேன் என்று நிற்கும் யுதிஷ்டிரனிடம், நாயுடையவர்களுக்கு அங்கே இடமில்லை என்று இந்திரன் தர்க்கம் செய்கிறான். அவன் பேசும் தோரணை, மின்தூக்கியில் நாயை ஏற்றக் கூடாது என்று சுற்றறிக்கை ஒட்டும் குடியிருப்போர் சங்கத்துக் காரியதரிசியின் தோரணையே. அடைக்கலமாக வந்ததைக் கைவிடுவது மகாபாதகம் என்று யுதிஷ்டிரன் மறுத்ததும், நாய் தருமதேவதையாக மாறிவிடுகிறது. அவ்வாறு மாறியதில் எனக்குச் சிறிது அதிருப்தி உண்டு. அது கடைசி வரையில் வெறும் நாயாகவே இருந்திருந்தாலும் யுதிஷ்டிரன் சொன்னது சரிதானே? இந்திரனுக்கு நேர்ந்த தோல்வி நம் சங்கங்களுக்கும் நேர்ந்திருக்கிறது: பெரும்பான்மை வாக்கெடுத்தாலும் வளர்ப்பு நாய்களைத் தடை செய்ய இயலாது என்றும், மின்தூக்கியை மறுக்கலாகாது என்றும் பிராணிகள் நல வாரியம் 2015-ல் வழிகாட்டு விதிகளை வெளியிட்டது.

எனினும் காரியதரிசியின் பக்கத்திலும் நியாயம் உண்டு. நாயைக் கண்டு அஞ்சுகிறவரின் அச்சம் பரிகாசத்துக்கு உரியது அன்று. கடிபட்டவருக்கே அதன் கஷ்டம் தெரியும். 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்துப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறிய செய்தி வந்தபோது, 'என் நாய் ஒன்றும் செய்யாது' என்று கயிறின்றி அழைத்துச் செல்பவர்கள் வாயடைத்திருக்க வேண்டும், அடைக்கவில்லை. உலகில் வெறிநாய்க்கடியால் ஏற்படும் மரணங்களில் ஏறக்குறைய 36 சதவீதம் இந்தியாவில் நிகழ்கிறது என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிடுகிறது. 1907 முதல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் இயங்கி வரும் மாகாணத்தில், தொப்புளைச் சுற்றிப் போட்ட பழைய ஊசிகளின் காலம் மாறிக் கையில் சில ஊசிகளோடு சிகிச்சை முடிந்துவிடும் இந்நாளில், தன் நாய்க்கு வருஷந்தோறும் தடுப்பூசி போடாதவன் நாயின் சிநேகிதன் அல்லன். அண்டை வீட்டாரின் சிநேகிதனும் அல்லன். கடி சிறிதாயினும் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடும் நீரில் கழுவிய பின் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லி வைக்கிறேன். நாய் போட்டதை அள்ளக் கையில் ஒரு காகிதம் எடுத்துச் செல்வதில் கௌரவக் குறைவு ஏதுமில்லை. பிறர் வாசலில் விட்டு வருவதில்தான் இருக்கிறது.

வளர்ப்பு நாய்க்கு உரிமம் வாங்கியே தீர வேண்டும் என்றும், உடலில் மைக்ரோசிப் பொருத்த வேண்டும் என்றும் சென்னை மாநகராட்சி 2025-ல் கண்டிப்புக் காட்டத் தொடங்கியது. கைவிடப்பட்ட நாயின் தோலுக்கடியில் உள்ள சிப்பைக் கொண்டு அதன் யஜமானனின் விலாசத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்ற ஒரு காரணமே அந்தக் கண்டிப்பை ஆதரிக்கப் போதுமானது. மற்ற நகரசபைகளும் இதைப் பின்பற்ற வேண்டும். உரிமம் கொடுப்பதோடு நில்லாமல், மொட்டை மாடிகளிலும் கொட்டகைத் தூண்களிலும் கட்டப்பட்ட நாய்களை வருஷத்துக்கு ஒரு முறையாவது யாரேனும் போய்ப் பார்க்க வேண்டும். உரிமத்துக்கான விண்ணப்பத்தில் உரிமையாளரின் விலாசமும் தடுப்பூசிச் சான்றும் கேட்கப்படுகின்றன. அதில் இன்னும் ஒரே ஒரு கேள்வியைச் சேர்க்குமாறு அதிகாரிகளை வேண்டிக்கொள்கிறேன்: இந்த நாயைத் தினமும் காலையிலும் மாலையிலும் வெளியே அழைத்துச் செல்லப் போகிறவர் யார்? பதில் எழுதும் இடத்தில் வேலைக்காரரின் பெயர் இருந்தால், விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிடலாம்.